எல்லாரும் நக்கிய கல்

“ஒரு கல்லைப் பாத்து அது என்ன கல்லுன்னு சொல்லத் தெரியாமயாடா உங்கக்கா இத்தனை வருஷம் சுரங்கம் படிச்சா?”

சித்தப்பா இப்படிக் கேட்டபோது வீடு நிறையச் சொந்தக்காரர்கள். எல்லார் கையிலும் டீ. என்னைப் பார்த்துத்தான் கேட்டார், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். நான் அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்திருந்தேன். அத்தை ஒருத்தி, “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குச் சுரங்கம்னு நான் அன்னைக்கே சொன்னேன்” என்றாள். நாலைந்து தலைகள் ஆடின. அக்கா சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது.

இப்போது எனக்குப் பதில் தெரியும். அக்காவை விடாமல் நச்சரித்து வாங்கிய பதில். அதை அவள் கதையாகவே சொல்கிறேன். நடுவில் நான் வரமாட்டேன்.

கல்லூரியில் அவளுக்கு சோப்பு என்று பெயர். பையில் எப்போதும் ஒரு சின்ன சோப்புப் பெட்டி இருக்கும், அதனால் வைத்த பெயர். இந்தக் கதையிலும் அதுவே இருக்கட்டும்.

சோப்புக்கு அந்தச் சுத்தப் பைத்தியம் சும்மா வரவில்லை. அவள் அம்மா ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். நோயாளி வாய் கொப்பளித்துத் துப்புகிற கிண்ணத்தைக் கழுவி வைப்பது அம்மாவின் வேலை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் சோப்பு அங்கேதான் போய் உட்கார்ந்திருப்பாள். மருந்து நெடிக்கு அடியில் இன்னொரு வாடை அங்கே இருக்கும். ஊர்ப்பட்ட வாய்களின் வாடை. பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது அது நோட்டில் வந்து உட்காரும், வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும் மூக்கை விட்டுப் போகாது. அவளுக்கென்று தனி டம்ளர், தனித் துண்டு, தனித் தலையணை என்று ஆனது அப்படித்தான்.

பள்ளியில் ஒருநாள் அறிவியல் வாத்தியார் ஒரு கல்லைக் கொண்டுவந்து காட்டினார். பூமியைத் துளைபோட்டு உள்ளிருந்து உருவி எடுத்த கல். மெழுகுவத்தி மாதிரி உருண்டையாக, நீளமாக இருந்தது. “இதை வெளியில எடுக்கிற வரைக்கும் இது மேல எவன் மூச்சும் பட்டதில்லை, கைரேகை பட்டதில்லை” என்றார். வகுப்பில் மற்ற எல்லாருக்கும் அது ஒரு கல். சோப்புக்கு மட்டும் உலகத்திலேயே சுத்தமான பொருளை அன்றுதான் பார்த்த மாதிரி இருந்தது.

பொறியியல் படிப்புக்கு இடம் கிடைத்தபோது சுரங்கப் பொறியியல்தான் வேண்டும் என்று நின்றாள்.

“மண்ணுக்குள்ள போய் என்னடி பண்ணப் போறே?” என்று அம்மா கேட்டாள்.

“அங்க யாரும் துப்பியிருக்க மாட்டாங்கம்மா.”

அம்மா அன்று சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. “நீ போற வரைக்கும்தாண்டி அது சுத்தம். நாலு பேரோட நீ உள்ள போயிட்டா, அதுவும் போச்சு” என்றாள். ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

அம்மா சொன்னது கல்லூரியில் முதல் வாரமே சோப்புக்குப் புரிந்துவிட்டது. துறைக் கட்டடத்துக்குப் பின்னால் மாணவர்கள் பழகுவதற்காக ஒரு பொய்ச் சுரங்கம் கட்டி வைத்திருந்தார்கள். அதற்குள் போகத் தலைக்கவசம் வேண்டும். தலைக்கவசங்கள் ஒரு மரப்பெட்டியில் குவியலாகக் கிடந்தன. உள்பட்டையில் யார் யாருடைய வேர்வையோ, எண்ணெயோ ஊறிப் பட்டை வழவழவென்று இருந்தது. கையில் கிடைத்ததை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். சோப்பு கைக்குட்டையைத் தலையில் கட்டி அதற்கு மேல் மாட்டினாள். அந்தச் சுரங்கத்தின் கடைசி மூலையை எல்லாரும் கழிப்பறையாக்கி வைத்திருந்தார்கள். காற்றோட்டம் பற்றிய பாடம் அந்த மூலையில்தான் நடந்தது. பாடம் எடுத்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டே எடுத்தார், ஒருநாள்கூட அதைக் கழுவச் சொல்லவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது கல் அறையில் இருந்தது.

கல் அறையில் ஒரு நீளமான தட்டு. அதில் பத்துக் கற்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு எண். தேர்வில் அந்தக் கற்களைப் பார்த்துப் பெயரும் குணமும் எழுத வேண்டும். கழுவக் கூடாது, எண் அழிந்துவிடும். கீறக் கூடாது, கல் தேய்ந்துவிடும். உடைப்பது என்ற பேச்சே கூடாது. பார்க்கலாம், தொடலாம், நக்கலாம்.

ஆமாம், நக்கலாம். நக்கத்தான் வேண்டும். அந்தப் பாடம் எடுத்த பேராசிரியருக்கு நாக்கு சார் என்றே பெயர்.

“சுரங்கத்துக்குள்ள உனக்கு யாருப்பா லேப் கட்டி வச்சிருக்கா? நாக்குதான் லேப்” என்பார். “கல்லுல நாக்கை வை. ஒட்டிச்சுன்னா களிக்கல். ஒட்டலைன்னா வண்டல்கல். முடிஞ்சது பாடம்.”

அந்தப் பாடத்தில் விஷயம் இருந்தது, பொய் இல்லை. களிக்கல் என்பது களிமண் இறுகி ஆன கல். தண்ணீர் பட்டால் ஊறிப் பொலபொலவென்று உதிரும். வண்டல்கல் அதைவிடச் சொரசொரப்பு, கெட்டி. நிலக்கரியை வெட்டி எடுத்த பிறகு தலைக்கு மேல் கூரையாக நிற்பது இந்த இரண்டில் எது என்று தெரிந்தால்தான் முட்டுக்கம்பங்களை நெருக்கி வைப்பதா, தள்ளி வைப்பதா என்று முடிவு பண்ண முடியும். தப்பாகச் சொன்னால் அடியில் நிற்கிற ஆள் மேல் கூரை வரும். உலர்ந்த களிக்கல்லில் நாக்கு பிசின் மாதிரி ஒட்டும் என்பதும் உண்மைதான்.

ஆனால் அந்தப் பத்துக் கற்களையும் வகுப்பு முழுக்க ஒவ்வொருவராக நக்கினார்கள். அதற்கு முந்தின வகுப்பு நக்கியது. அதற்கு முந்தினதும், அதற்கும் முந்தினதும். நாக்கு சார் மாணவராக இருந்தபோதே அந்தத் தட்டு இருந்ததாம், பெருமையாகச் சொல்வார். சொல்லிவிட்டு முதலில் அவர் நக்குவார். பிறகு சளி பிடித்தவன், வாய்ப்புண் வந்தவன், சாப்பிட்டுவிட்டு வாய் கழுவாதவன் என்று வரிசையாகக் கல் கை மாறும். சோப்பின் கைக்கு வரும்போது அது நனைந்து பளபளக்கும்.

சோப்பு கட்டைவிரலால் கல்லைத் தொடுவாள், சுண்டுவிரலை நாக்கில் வைப்பாள். முகத்தை யோசிக்கிற மாதிரி வைத்துக்கொள்வாள்.

பக்கத்தில் நிற்கும் வகுப்புத் தோழன், நெட்டையாக இருப்பதால் கொக்கு என்று பெயர், ஒருநாள் பார்த்துவிட்டான்.

“ஏய் சோப்பு, நடிக்கிறே.”

“வாயை மூடு.”

“நானும் மொத நாள் நடிச்சேன். அப்புறம் பழகிடுச்சு. மெஸ் சாம்பார் பழகலையா?”

“அதைச் சூடு பண்றாங்கடா. இதை யாருடா சூடு பண்றா?”

“அப்ப ஒண்ணு பண்ணு. கல்லை மெஸ்ஸுக்குக் குடு, கொதிக்க வச்சுத் தரட்டும்.”

சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

கடைசி வருடம் ஒரு பெரிய சுரங்கத்திலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். சோப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். கல் அறைச் செய்முறைத் தேர்வில் தேறிவிட்டு வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மருத்துவமனை நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருக்கிற நோயாளிகளிடமெல்லாம், “எம் பொண்ணு சுரங்கத்துல ஆபீசர் ஆகப்போறா” என்று சொன்னாள். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன மறுத்துப் பேச முடியும்? “ம்ம்” என்றார்கள். அம்மா அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டாள்.

தேர்வுக்கு முன்னால் பழகிப் பார்க்க எல்லாரும் கல் அறைக்குப் போனார்கள். கொக்கு கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பெயரையும் ஒப்பித்தான். எண்கள் மாறியதே இல்லை, விடைகளும் மாறியதில்லை. சீனியர் சொன்னதை ஜூனியர் எழுத வேண்டியதுதான்.

“ஏழு?” என்று சோப்பு கேட்டாள்.

“கரும் வண்டல்கல். நாக்குல ஒட்டாது. கெட்டிக் கூரை. கம்பத்தைத் தள்ளித் தள்ளி வைக்கலாம்.”

ஏழாம் எண் ஒரு துளைக்கல். பள்ளிக்கூடத்தில் பார்த்தாளே, அதே மாதிரி உருண்டைக் கல். தட்டிலேயே அதுதான் பிடிக்கத் தோதாக இருக்கும், அதனால் எல்லாரும் அதைத்தான் அதிகம் கையில் எடுத்து உருட்டுவார்கள். கருகருவென்று, எண்ணெய் தடவின மாதிரி மின்னியது. எல்லாரும் போன பிறகு சோப்பு கைக்குட்டையை நனைத்துச் சோப்புப் போட்டு அதன் ஒரு முனையைத் துடைத்தாள். எண் இருந்தது மறு முனையில்.

கைக்குட்டை கறுத்தது. கறுப்பு கூட இல்லை, ஒரு மாதிரி பழுப்புக் கறுப்பு, பிசுக்கு. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மண் வாசனை வரவில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய இடத்தின் வாடை வந்தது. அதே வாடை, மருந்து நெடி மட்டும் இல்லை. ஓடிப்போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தாள். துடைத்த முனை சாம்பல் நிறமாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்தக் கறுப்பு கல்லின் கறுப்பு இல்லை. கைப்பிசுக்கும் எச்சிலும் வருடக்கணக்காகப் படிந்து, தேய்ந்து, மெருகேறி நின்ற கறுப்பு. அது மேலே பூசியிருப்பதால்தான் நாக்கு ஒட்டவில்லை. நக்கி நக்கியே நாக்குச் சோதனையைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது என்ன கல் என்று அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.

தேர்வு அன்று நாக்கு சாருடன் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் போகும் வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார், பை மடியிலேயே இருந்தது. சோப்பு ஒன்பது கற்களைக் கடகடவென்று சொல்லி முடித்தாள். அந்த ஒன்பதும் நூலகப் புத்தகங்களைப் பார்த்து, லென்ஸ் வைத்துப் படித்தவை. நாக்கு சார் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

“ஏழு?”

“சார், ஒரு சுத்தியல் வேணும்.”

“எதுக்கு?”

“பழைய மேற்பரப்பைப் பாத்து முடிவு பண்ணக் கூடாது, புதுசா உடைச்ச முகத்தைத்தான் பாக்கணும்னு முதல் வருஷம் நீங்கதானே சார் சொன்னீங்க.”

“அது வெளியில, மலையில. இது தட்டு. நக்கிட்டுச் சொல்லு.”

“நக்க மாட்டேன் சார்.”

“நாலு வருஷம் என்ன பண்ணே அப்புறம்?”

“நடிச்சேன் சார்.”

தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். சோப்பு ஏழாம் எண்ணை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரே அடி அடித்தாள். கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே வெளிர்ச் சாம்பல் நிறம், மாவு மாதிரி. உருவான நாளிலிருந்து எந்தக் காற்றும் படாத முகம். அந்த அறையிலேயே, அந்தக் கல்லூரியிலேயே சுத்தமான இடம் அதுதான். சோப்பு அதை வாய்க்குக் கொண்டுபோனாள். நாலு வருடத்தில் முதல் தடவையாக நாக்கை வைத்தாள்.

ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

“களிக்கல்” என்றாள். ஒரு சில்லைக் குடிதண்ணீர் டம்ளரில் போட்டாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது குமிழி விட்டு, ஓரம் உதிர்ந்து, அடியில் சேறாக உட்கார்ந்தது.

“அட” என்றார் தேர்வாளர்.

நாக்கு சார் டம்ளரைப் பார்க்கவில்லை. இரண்டு துண்டுகளையும் கையில் வைத்து ஒட்ட வைத்துப் பார்த்தார். “என் வாத்தியார் வச்ச கல்லு” என்றார். சோப்புக்கு ஒரு நிமிடம் பாவமாகக்கூட இருந்தது. அந்தப் பாவம் அடுத்த பேச்சில் போய்விட்டது.

“கை தவறி விழுந்துடுச்சுன்னு எழுதிக் குடு. விடைத்தாள்ல வண்டல்கல்னு எழுது. நீ நல்லாப் படிக்கிற பொண்ணு, வேலை வேற கிடைச்சிருக்கு. நான் மார்க்குல கை வைக்க மாட்டேன்.”

“வண்டல்கல் இல்லையே சார்.”

“இத்தனை வருஷம் அதுதானே?”

“இத்தனை வருஷமும் எச்சிலைத்தான் சார் பாத்திருக்கோம்.”

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிற்பாடு கொக்கு சொன்னான். சொல்லிவிட்டாள். தேர்வாளர் பக்கம் திரும்பி, “நீங்க பாத்தீங்களே சார்” என்றாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “பாத்தேம்மா. பாத்ததெல்லாம் எழுத முடியுமா? இது உங்க வீட்டு விஷயம்” என்று சொல்லிவிட்டு, நாக்கு சார் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

விடைத்தாளில் ஏழுக்கு நேராகச் சோப்பு களிக்கல் என்றே எழுதினாள். துறையின் மாதிரியைச் சேதப்படுத்தியதற்காகச் செய்முறைத் தேர்வு முழுவதிலும் சைபர் போட்டார்கள். பெரிய சுரங்கத்து வேலை வேறொருவருக்குப் போனது. அந்த வேறொருவர் கொக்குதான். அவன் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“நீ என்ன எழுதினே?” என்று கேட்டாள்.

“கரும் வண்டல்கல்.”

“நான் உடைச்சதுக்கு அப்புறமுமா?”

“துண்டு ரெண்டையும் சேத்து வச்சிருந்தாங்கடி. சேத்துப் பாத்தா அதேதான்.”

அவள் அவனிடம் கோபப்படவில்லை. சோப்பை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனாள்.

வீட்டில் அம்மா அழவில்லை. மருத்துவமனைக்குப் போனாள், கிண்ணம் கழுவினாள், வந்தாள். சில நாள் கழித்து, “அந்தக் கல்லை நக்கியிருந்தா என்னடி ஆகியிருக்கும்? நான் தினம் கழுவுறேன், செத்தா போயிட்டேன்?” என்றாள்.

“நீ கழுவுறேம்மா. அங்க கழுவவே இல்லை.”

அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் எடுத்தார்கள். ஒரு கல்லுக்குப் பேர் தெரியாமல் ஃபெயிலானவள் என்று சித்தப்பா சொன்னார், அத்தை சொன்னாள், அப்படியே ஊர் வாயில் நின்றுவிட்டது.

மறுதேர்வுக்குப் போனபோது தட்டில் பத்துக் கற்களும் இருந்தன. ஏழாம் எண்ணும் இருந்தது, முழுசாக, கருகருவென்று. சோப்பு குனிந்து முகர்ந்தாள். இந்தத் தடவை வேறு வாடை.

“என்னண்ணே இது?” என்று ஆய்வக உதவியாளரிடம் கேட்டாள்.

“ரெண்டாக் கிடந்தா பாக்க நல்லாவா இருக்கும்? ஒட்டினேன். ஒட்டுன இடம் தெரிஞ்சுது, கொஞ்சம் பாலிஷ் போட்டு விட்டேன். சாரோட ஷூவுக்குப் போடுறதுதான், நல்ல பாலிஷ்.”

பக்கத்து மேசையில் முதல் வருடப் பெண் ஒருத்தி பழகிப் பார்க்க அதைக் கையில் எடுத்தாள். நாக்கை வைத்தாள். முகம் கோணியது. கூட இருந்த பையன், “பழகிடும்” என்றான்.

சோப்பு அந்தப் பெண்ணிடம் போய், “அது ஷூ பாலிஷ்” என்றாள். அந்தப் பெண் சோப்பை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்கதான் கல்லு தெரியாம ஃபெயிலான அக்காவா?” என்று கேட்டாள்.

ஒன்பது கற்களுக்குச் சரியாகவும், ஏழாவதற்குக் களிக்கல் என்றும் மறுபடி எழுதினாள். இந்தத் தடவை எதையும் உடைக்கவில்லை, அதனால் ஒன்பதுக்கும் மார்க் போட வேண்டியதாயிற்று. தேறினாள். ஆனால் தாமதமாகத் தேறியவளைப் பெரிய சுரங்கங்கள் சீந்தவில்லை. ஒரு சின்னச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. உடை மாற்றும் அறையில் தண்ணீர் வராது, தலைக்கவசப் பட்டை இங்கேயும் வழவழப்புதான். முதல் சம்பளத்தில் தனக்கென்று ஒரு தலைக்கவசம் வாங்கினாள்.

அங்கே மேலதிகாரியாக இருந்தவர் அதே கல்லூரியில், அதே தட்டில் படித்தவர். ஒருநாள் புதிதாக வெட்டிய இடத்தில் விளக்கை மேலே அடித்துக் கூரையைக் காட்டினார். வெடிப் புகையும் கரித்தூசியும் படிந்து கூரை கறுப்பாக மின்னியது.

“பாத்தியா, நம்ம ஏழாம் நம்பர். கரும் வண்டல்கல். கம்பத்தைத் தள்ளித் தள்ளிப் போடச் சொல்லு.”

சோப்பு கடப்பாறையால் ஓரத்தில் ஒரு துண்டைத் தட்டி எடுத்தாள். உள்முகம் வெளிர்ச் சாம்பல். நாக்கில் வைத்தாள், ஒட்டியது. இன்னொரு சில்லைத் தன் தண்ணீர் பாட்டிலில் போட்டு அவர் விளக்குக்கு நேராகப் பிடித்தாள். அது சேறாகும் வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அட” என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு அந்தத் தேர்வாளர் ஞாபகம் வந்தது. ஆனால் இவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கீழே நின்ற ஆட்களை முதலில் வெளியே போகச் சொன்னார். பிறகு கம்பங்களை நெருக்கிப் போடச் சொன்னார்.

வெளியே போனவர்களில் ஒருவர், “பாட்டில் தண்ணியை இப்படி வீணாக்கிட்டியேம்மா, குடிக்க என்ன பண்ணுவே?” என்று கேட்டு, தன் பாட்டிலை நீட்டினார். சோப்பு வாங்கி, வாய் படாமல் அண்ணாந்து குடித்தாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

இதுதான் சித்தப்பா கேட்ட கேள்விக்குப் பதில். அக்காவுக்குக் கல் தெரியும். அந்த அறையிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஏழாம் எண் இன்றும் அந்தத் தட்டில் கிடக்கிறது. வருடா வருடம் ஒரு வகுப்பு அதை நக்கி, கெட்டிக் கூரை என்று எழுதித் தேறி, வெவ்வேறு சுரங்கங்களுக்குப் போகிறது. கொக்கும் எங்கேயோ ஒரு கூரையின் அடியில் நின்று, கம்பத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருப்பான். அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் சுரங்கம் படிக்கிறவர்கள் இருந்தால், பக்கத்து வீட்டில் சுரங்கத்துக்குப் போகிறவர்கள் இருந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். அக்காவின் பெயரைக் காப்பாற்ற அல்ல, அது போனால் போகட்டும். கல்லை உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் இன்னும் நாலு பேரிடம் சொல்லட்டும்.